கட்டிலுக்கடியில் முப்பத்தேழு டப்பா

அவன் போகும்போது இரண்டைத்தான் விட்டுவிட்டுப் போனான். கட்டிலுக்கடியில் முப்பத்தேழு ஸ்ப்ரே டப்பா, ஜன்னலோரத்தில் தன் அம்மா. மற்றதையெல்லாம் மறக்காமல் எடுத்துக்கொண்டான். நல்ல செருப்பு, ஷேவிங் செட், கண்ணாடி முன்னால் கிடந்த சீப்பு, எதையும் விடவில்லை. விட்டுப்போன இரண்டையும் அவளால் தூக்கிப் போடவும் முடியவில்லை, வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை.

அவளுக்கு ஒர்க்‌ஷாப்பில் டச்சப் என்று பெயர். இடிபட்டு வரும் காரை டிங்கர் தட்டி நிமிர்த்திக் கொடுப்பான். அதற்குப் பிறகு அந்த இடத்தில் பெயிண்ட் அடிப்பது அவள். பழைய பெயிண்ட் எங்கே முடிந்தது, புதுசு எங்கே ஆரம்பித்தது என்று வண்டிக்காரனுக்கே தெரியக் கூடாது. தெரிந்தால் வேலை சரியில்லை என்று அர்த்தம். பதினாறு வருஷமாக அடித்த இடம் தெரியாமல் அடித்து அடித்து நல்ல பெயர் வாங்கியிருந்தாள். அந்த நல்ல பெயரும் ஒர்க்‌ஷாப் ஷட்டருக்கு உள்ளேயேதான் இருந்தது.

அவனுக்குப் பெயர் புயல். அவனே வைத்துக்கொண்டது. சுவரில் ஆளுயர எழுத்துகளை ஸ்ப்ரே பெயிண்டில் எழுதுகிறவர்களுக்கு அப்படி ஒரு பெயர் வேண்டும். பதினோரு வருஷம் அவள் கூடவே போனாள். அவன் எழுத்துக்கு உருவம் கொடுப்பான். கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். உள்ளே நிறம் நிரப்புவது, ஒரு நிறத்தை இன்னொன்றில் கரைப்பது, அவன் கோடு ஆடிய இடங்களை உள்நிறத்தால் நறுக்கி நேராக்குவது எல்லாம் அவள் வேலை. டீ குடித்துவிட்டு வந்து கீழ் மூலையில் புயல் என்று கையெழுத்துப் போடுவான். பிறகு சுவர் முன்னால் கைகட்டி நிற்பான், அவள் போட்டோ எடுப்பாள். போட்டோ எடுக்கிற ஆள் போட்டோவில் இருக்க வழியில்லை. பதினோரு வருஷப் படங்களில் ஒன்றில்கூட அவள் இல்லை.

பிறகு ஒரு நாள் வெளியூர் வேலை என்று போனான், போன இடத்தில் இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். புயல் வேறு எங்கோ கரையைக் கடந்துவிட்டது என்று டிங்கர் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள், வேறென்ன செய்ய. அது ஆயிற்று இரண்டு வருஷம்.

வீடு மூன்றாவது மாடி. ஒரு ரூம், ஒரு சமையல் மூலை, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். தெரு அகலம் ஒரு லாரியும் ஒரு சைக்கிளும் போகிற அளவு. அந்தப் பக்கம் சலவைக்கடையின் பக்கச் சுவர். அதில் சிவப்பில், ஆள் உயரத்துக்கு, புயல் என்று எழுதியிருந்தது. எழுதி நாலு வருஷமாகியும் வேறு யாரும் அதைத் தொடவில்லை. எழுதுகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்தவன் எழுத்தின் மேல் எழுதுவதானால் அதைவிட நன்றாக எழுத வேண்டும், அதே நாளில் முழுதாக முடிக்க வேண்டும். அரைகுறையாக விட்டால் சண்டைக்கு இழுத்ததாக அர்த்தம். புயலைவிட நன்றாக எழுதுவதாக யாருக்கும் தைரியம் வரவில்லை. அதனால் அந்தப் பெயர் அங்கேயே இருந்தது, மாமியாரும் அதைப் பார்த்தபடி அங்கேயே இருந்தாள். மடியில் ஒரு பழைய பட்டன் போன். தினம் காலையில் அதற்குச் சார்ஜ் ஏற்றுவாள். மகன் கடைசியாக அதில் பேசி பதினாறு மாசம்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது டிங்கர் தன் போனை நீட்டினான். "அக்கா, உங்க வீட்டுக்காரரு. பெரிய ஆளாயிட்டாப்ல."

வீடியோவில் ஏதோ ஒரு ஊரின் பெரிய சுவர். அதன் முன்னால் கைகட்டி நின்றான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். மைக்கை நீட்டிய பெண் கேட்டாள்: "உங்க டீம்ல எத்தனை பேர் சார்?"

"டீமெல்லாம் கிடையாதுங்க. ஆரம்பத்துல இருந்தே நான் தனி ஆளுதான்."

டிங்கர் அவசரமாகப் போனை அணைத்தான். "விடுக்கா. வாய்க்கு வந்ததைப் பேசுறான்."

"அவன் வாய்க்கு வேற என்ன வரும்" என்று சொல்லிவிட்டு மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். இன்னொருத்தியிடம் போனதை எப்படியோ விழுங்கிவிட்டாள். ஆம்பளை புத்தி, அவ்வளவுதான் என்று ஒரு மூலையில் தள்ளி வைத்துவிட்டாள். இதைத் தள்ளி வைக்க இடமில்லை. அன்றைக்குப் பிற்பகல் ஒரு வெள்ளைக் கார் கதவில் அவள் அடித்த பெயிண்ட் வழிந்தது. பதினாறு வருஷத்தில் அவளுக்கு வழிந்து யாரும் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. ஒரு சுவர், தானே ஆரம்பித்துத் தானே முடித்தது, அதன் கீழ் மூலையில் தன் பெயர். எந்தச் சுவர் என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

வேலை முடிந்து வரும் வழியில் சலவைக்கடைக்காரரிடம் கேட்டாள்.

"உன் வீட்டுக்காரர் எழுதினதாச்சே. அதையா மூடப் போறே?"

"ஆமாண்ணே."

"சண்டை கிண்டை வராதே?"

"வர்றதுக்கு ஆளு ஊர்ல இருந்தாத்தானே."

அவர் ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டுச் சொன்னார். "என்னமோ பண்ணு. அசிங்கமா மட்டும் எதையும் எழுதிடாத. நாலு பேர் வர்ற இடம்."

மாமியாரிடம் சொல்வதுதான் பாக்கி. சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அத்தை, நாளைக்கு எதிர்ச் சுவத்துல எழுதப் போறேன்."

"எந்த எதிர்ச் சுவரு?"

"நமக்கு எத்தனை எதிர்ச் சுவரு இருக்கு? இதான்."

"அதுல அவன் பேரு இருக்கே."

"அதுக்கு மேலதான்."

மாமியார் நாற்காலியைத் திருப்பினாள். அவள் நாற்காலியைத் திருப்புவது அபூர்வம். "உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? எனக்குன்னு இருக்கறதே அது ஒண்ணுதான்டி."

"ஏன், நான் இல்லையா?"

"நீ காலையில போனா பொழுது சாய்ஞ்சு வர்றே. அது நாள் பூரா இருக்கு."

"சுவரு எங்கயும் எந்திரிச்சுப் போகாதுதான் அத்தை. உங்க புள்ளைக்கு அந்தக் குணம் இல்லையே."

"கோவத்துல போயிருக்கான். வருவான்."

"ரெண்டு வருஷக் கோவமா? யாரு மேல? நான் என்ன பண்ணேன், சொல்லுங்க."

பேச்சில் தோற்கும்போதெல்லாம் மாமியாருக்கு ஒரு வழி உண்டு. "நீ அதை அழிச்சே, நான் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்."

"முட்டை பொரிச்சு மூடி வெச்சுட்டுப் போறேன். வேணும்னா சாப்பிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டப்பாக்களைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துப் போட்டாள். ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டினாள். உள்ளே கிடக்கும் சின்ன இரும்புக் குண்டு கலகலவென்று ஓடினால் பெயிண்ட் இருக்கிறது. மந்தமாக உருண்டால் அடியில் இறுகிவிட்டது. ஓடுகிறது, ஆனால் கனமில்லை என்றால் வெறும் காற்று. முப்பத்தேழில் பத்தொன்பது உயிரோடு இருந்தன. மாமியார் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். கலகல சத்தம் கேட்கும்போதெல்லாம் தோள் மட்டும் அசைந்தது. மகன் வீட்டிலிருந்த காலத்துச் சத்தம் அது.

ஏணி, ரோலர், ஒரு வாளி சாம்பல் நிறச் சுவர் பெயிண்ட், மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, பழந்துணி, பை நிறைய டப்பா. இரண்டு தடவை ஏறி இறங்கினாள். தெருவில் ஆளில்லை. காற்று எழும்புவதற்கு முன் ஆரம்பிக்க வேண்டும். காற்று வந்துவிட்டால் பெயிண்ட் சுவருக்குப் போவதற்குப் பதில் அடிக்கிறவள் முகத்துக்கு வரும்.

நீளக் கழியில் ரோலரை மாட்டி, பெயிண்டில் தோய்த்து, முதல் எழுத்தின் மேல் வைத்தாள். வைத்ததும் கை நின்றுவிட்டது. அந்தச் சிவப்புக்குள் இருக்கும் ஆரஞ்சை அவள்தான் கரைத்தாள். மூன்று மணி நேரம் வெயிலில் நின்று கரைத்தது. அவன் பெயரை அழிப்பதாக நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு, அழியப்போவது தன் வேலைதான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். ரோலரை அழுத்தி மேலே இழுத்தாள்.

ஒரு பூச்சு முடிந்து காய்ந்ததும் பார்த்தால், சாம்பல் வழியாக அவன் பெயர் இளஞ்சிவப்பாக மேலே வந்திருந்தது. சிவப்புக்கு அந்தக் குணம் உண்டு, லேசில் அடங்காது. மேலே ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"போக மாட்டேங்குது பாரு!" மாமியார் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இன்னொரு கோட்டு அடிச்சா போயிடும் அத்தை!"

இரண்டு பூச்சு போதவில்லை, மூன்று ஆயிற்று. அதற்குப் பிறகுதான் சுவர் வெறும் சுவரானது.

என்ன எழுதுவது என்று ராத்திரியே ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதிப் பார்த்து வைத்திருந்தாள். இருக்கேன். அவ்வளவுதான். தனி ஆள் என்று ஊரைக் கூட்டிச் சொன்னானே, அதற்கு வேறு பதில் அவளுக்குத் தெரியவில்லை. இ-யின் வளைவு, ரு-வின் வால், இரண்டு க, நடுவில் கொம்பு, கடைசியில் ன், மேலே இரண்டு புள்ளி.

வெளிர் மஞ்சள் டப்பாவின் வாயில் மெல்லிய நாசிலை மாட்டினாள். முதலில் போடுவது வெளிர் நிறத்தில், தப்பினால் பிறகு மூடிக்கொள்ளலாம். காகிதத்தில் விரல் அளவு இருந்த எழுத்து சுவரில் அவளைவிட உயரம். கிட்ட நின்று போடுகிறவளுக்கு ஒரு வளைவுதான் தெரியும், எழுத்து தெரியாது. நாலு கோடு போடுவாள், ஏணியிலிருந்து இறங்குவாள், தெருவின் அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பாள், திரும்ப வருவாள். அவன் அப்படி இறங்கியதே இல்லை. அவனுக்குக் கீழேயிருந்து சொல்ல இவள் இருந்தாள்.

நாலாவது தடவை இறங்க ஒரு காலை எடுத்தபோது மேலேயிருந்து குரல் வந்தது. "அந்த ரு-வோட வாலு ரோட்டுக்குப் போகுது."

நிமிர்ந்து பார்த்தாள். மாமியார் வேறெங்கோ பார்ப்பது போல முகத்தை வைத்திருந்தாள்.

"எவ்ளோ அத்தை?"

"எனக்கென்ன தெரியும். தூக்கு."

தூக்கினாள். "இப்போ?"

"இன்னும். ம்... போதும் போதும். கொம்பு ஏன் தூங்கி விழுது?"

"நிமித்தறேன்."

"நான் ஒண்ணும் உனக்கு உதவி பண்ணல. கோணலா இருந்தா நாள் பூரா பாக்கப் போறது நான்தான்."

"தெரியும் அத்தை."

மூன்றாவது மாடியிலிருந்து ஒருத்தி கத்த, கீழே ஒருத்தி வரைய, பத்து மணிக்கெல்லாம் எழுத்துகளின் உருவம் சுவரில் வந்துவிட்டது. மாமியார் தட்டில் முட்டையோடு ஜன்னலில் தெரிந்தாள். பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் என்றதை இருவருமே ஞாபகப்படுத்திக்கொள்ளவில்லை.

நிறம் நிரப்புவது அவள் ராஜ்ஜியம். பருத்த நாசிலை மாட்டினாள். டப்பா சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. கை நகர ஆரம்பித்த பிறகு அழுத்த வேண்டும், நிற்பதற்கு முன் விட வேண்டும். நின்ற இடத்தில் அழுத்தினால் அங்கே தேங்கி வழியும். கீழே கரும்பச்சை, நடுவில் இலைப்பச்சை, மேலே வர வர மஞ்சள். இரண்டு நிறம் சேரும் இடத்தில் கையை இன்னும் தள்ளிப் பிடித்து, தூறல் போல மேலே தூவினால் ஒன்று இன்னொன்றில் கரையும். எங்கே பச்சை முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு டப்பாவை வைக்கும்போது கவிழ்த்துப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை ஒருமுறை அழுத்திவிட்டு வைப்பாள். இல்லாவிட்டால் நாசிலுக்குள் பெயிண்ட் காய்ந்து அடைத்துக்கொள்ளும். சொல்லிக் கொடுத்தது யார் என்று நினைவில்லை, ஆனால் அவன் அதைச் செய்ததே கிடையாது. அவன் அடைத்து வைத்த நாசில்களை ஊசி வைத்துக் குத்தி எடுத்ததும் அவள்தான்.

மத்தியானம் காற்று வந்துவிட்டது. சலவைக்கடைக்காரர், கொடுத்தவர் திரும்ப வாங்க வராத ஒரு பெரிய படுக்கைவிரிப்பைக் கொண்டுவந்து, ஏணிக்கும் கம்பத்துக்கும் நடுவே கட்டி மறைப்புக் கொடுத்தார். "எங்க கடைச் சுவத்துக்குப் பச்சை நல்லாத்தான் இருக்கு" என்றார். மேகம் வேறு கூடியது. பத்துப் பன்னிரண்டு சொட்டு விழுந்தது. மாமியார் ஜன்னலிலிருந்து மேகத்தைத் திட்டினாள். யாருக்காகத் திட்டினாள் என்று தெரியவில்லை, மேகம் போய்விட்டது.

பாக்கி அவுட்லைன், எழுத்தைச் சுற்றி ஓடும் கறுப்புக் கோடு. கறுப்பு டப்பாவைக் கையில் எடுத்து, வேண்டியதைவிட அதிக நேரம் ஆட்டினாள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் கோட்டை அவள் போட்டதில்லை. "உனக்குக் கை நடுங்கும்" என்பான். நடுங்குமா நடுங்காதா என்று பார்க்கக்கூட விட்டதில்லை. நீளக் கோட்டை மணிக்கட்டால் இழுக்க முடியாது. முழங்காலை மடக்கி, தோளோடு சேர்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பு மொத்தமும் ஒரே வேகத்தில் நகர வேண்டும்.

முதல் கோடு இ-யின் வளைவில் ஆடியது. நடுவில் தயங்கிய இடத்தில் ஒரு சொட்டு திரண்டு கீழே ஓடியது. அவள் பச்சை டப்பாவை எடுத்து, வழிந்ததை மூடி, கோட்டின் ஓரத்தை உள்ளிருந்து நறுக்கினாள். கோடு கத்தியால் வெட்டியது போல நின்றது. இதைத்தானே இத்தனை நாளும் செய்தேன் என்று அப்போது தோன்றியது. அவனுக்கும் ஆடத்தான் செய்தது. ஆடிய கோட்டை அப்படியே விட்டுவிட்டு அவன் டீ குடிக்கப் போனான், திரும்பி வரும்போது கோடு நேராக இருந்தது. ஊரெல்லாம் புயலின் கோடு, புயலின் கோடு என்று பேசியது இதைத்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாஸ்க்குக்குள் சிரித்தால் கண்ணாடி மங்கும். துடைத்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனாள்.

நாலரை மணிக்குக் கோடுகள் முடிந்தன. எழுத்துக்குப் பின்னால் நிழல் கொடுத்தாள். வெள்ளையில் ஒளிக்கீற்று. கடைசியாக இரண்டு புள்ளி, பருத்த நாசிலில் ஒரே அழுத்து, ஒரே விடு. இறங்கி வந்து தெருவின் அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். நன்றாக இருந்தது. யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. எழுத்து சுவரைவிட்டு இறங்கி நடந்து வரும்போல இருந்தது.

பார்சல் வண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் பார்த்தார். பிறகு கழற்றிவிட்டுப் பார்த்தார். "புயல் வந்துட்டாப்லயா?"

"இல்லீங்களே."

"என்னம்மா, இந்தக் கோட்டைப் பாத்தா தெரியாதா? நான் பத்து வருஷமா அவரு வேலையைப் பாக்கறவன். நீங்க யாரு, ஹெல்பரா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, "அவரு வந்தா பார்சல்காரன் பாத்துட்டுப் போனேன்னு சொல்லுங்க" என்று கிளம்பிவிட்டார். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு அவர் போன திசையைப் பார்த்து நின்றாள். போகட்டும், பெயர் போட்ட பிறகு தெரிந்துவிடப் போகிறது என்று கறுப்பு டப்பாவை ஆட்டினாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

உட்கார்ந்து அதை எப்படிப் போடலாம் என்று காகிதத்தில் எழுதிப் பார்த்தாள். டச்சப். பட்டப்பெயர்தான், ஆனால் பதினாறு வருஷம் அவள் சம்பாதித்த பெயர். சாய்த்து எழுதிப் பார்த்தாள், நிமிர்த்தி எழுதிப் பார்த்தாள். அரை மணி நேரம் அதிலேயே போனது. அதற்குள் போட்டோ எங்கெல்லாம் போயிருக்குமோ, அங்கெல்லாம் போய்விட்டது.

வெளிச்சம் சாயும் நேரத்தில் படிக்கட்டில் சத்தம். முட்டிவலியால் மூன்று மாசமாகப் படி இறங்காத மாமியார், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி, போனை நெருப்பைப் பிடிப்பது போல முன்னால் நீட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"பேசுறான்டி! அவன் பேசுறான்! ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

"அம்மா, இருக்கியா?" போனுக்குள்ளிருந்து அவன் குரல்.

"இருக்கேன்பா, சொல்லுப்பா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் சாப்பிட்டேன். அந்தச் சுவத்துல யாரு எழுதினது?"

"அவதான்பா. நானும் ஜன்னல்ல இருந்து சொன்னேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"ம். நல்லாத்தான் இருக்கு. காலையில இருந்து வேலை பண்ணியிருப்பா. எல்லாரும் நான்தான் வந்து எழுதினேன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்கம்மா. நூறு பேரு போன் பண்ணிட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லல. அது அப்படியே இருக்கட்டும். கீழே என் பேரைப் போட்டுடச் சொல்லு."

"அவ பேருப்பா..."

"அவளுக்கு எதுக்கும்மா பேரு? அவ மாசச் சம்பளத்துக்குப் போறவ. எனக்கு இதுதான் பொழைப்பு."

ஏணியில் ஒரு காலை வைத்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் மாறவேயில்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பது போலக் கேட்டான்.

மாமியார் போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். "போட்டா, வாராவாரம் பேசுவியாப்பா?"

"என்னது?"

"உன் பேரைப் போடச் சொல்றேன். நீ வாரம் ஒரு தடவை பேசு. ஞாயித்துக்கிழமை. ரெண்டு நிமிஷம் போதும்."

"சரி சரி, பேசுறேன்."

"அவ இங்கதான் நிக்கறா, ஒரு வார்த்தை பேசுறியா?"

"வேணாம்மா, ஆளு வந்திருக்காங்க. வெச்சுடறேன்."

மாமியார் போனைச் சால்வை முனையில் துடைத்தாள். "கேட்டியா? வாராவாரம்னு சொல்லிட்டான். போட்டுடும்மா. உனக்கு என்ன போச்சு? எழுத்து உன்னுதுதானே, நான் பாத்தேனே. நான் சொல்றேனே."

"நீங்க சொன்னா போதும்னா எனக்கு இன்னிக்குப் பூரா எதுக்கு அத்தை இந்த வேலை?"

"கெஞ்சறேன்டி."

அந்த வார்த்தை அவளை உலுக்கியது. ஆனால் கை ஏற்கெனவே டப்பாவை ஆட்டிக்கொண்டிருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மெல்லிய நாசில். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஓட்டத்தில், டச்சப் என்று எழுதினாள். கை நடுங்கவில்லை. எழுந்து திரும்பியபோது மாமியார் தெருவைக் கடந்து, படியில் ஒவ்வொரு காலாக ஏறிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப்பில் ஒரு நீலக் கார். டிங்கரிடம் சுவரைப் பற்றிச் சொன்னாள். "பேரு போட்டியா அக்கா?" என்றான். "போட்டேன்டா" என்றாள். சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்றான். நல்ல வேளையாக அவனுக்கு ஒரு வெல்டிங் வேலை வந்துவிட்டது.

அவள் மட்டும் வந்தாள். தெரு திரும்பும்போதே பச்சையும் மஞ்சளும் தெரிந்தன. கிட்டே போனதும் கீழ் மூலை தெரிந்தது. அவள் பெயர் இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு. அதற்குப் பக்கத்தில் புயல் என்று எழுதியிருந்தது. டப்பாவைச் சுவருக்கு ஒட்ட வைத்து அழுத்தியதில் ஒவ்வொரு எழுத்திலிருந்தும் நாலு நாலு சொட்டு வழிந்து தரைவரைக்கும் இறங்கியிருந்தது.

படியேறினாள். கதவருகே பை வைத்த இடத்திலேயே இருந்தது. கறுப்பு டப்பாவை எடுத்துப் பார்த்தாள். நாசிலில் பெயிண்ட் காய்ந்து அடைத்திருந்தது. கவிழ்த்து ஊதி வைக்கத் தெரியாத கை.

மாமியார் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். புழுக்கத்திலும் சால்வையை இழுத்துப் போர்த்தி, வலது கையை அதற்குள் வைத்திருந்தாள். இடது கையில் போன்.

கத்த வேண்டும் என்றுதான் வந்தாள். கத்தியிருந்தால் நியாயம்தான். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஐம்பத்திரண்டு படி இறங்கி, குனிய முடியாத உடம்பைக் குனிந்து இதைச் செய்துவிட்டு, திரும்ப ஐம்பத்திரண்டு படி ஏறியிருக்கிறாள் என்ற நினைப்பு குறுக்கே வந்து தொலைத்தது. அலமாரியிலிருந்து தின்னரையும் பழந்துணியையும் எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"விரலைக் காட்டுங்க அத்தை."

"எந்த விரலு?"

"எனக்குத் தெரியாதா எந்த விரல்னு? காட்டுங்க, காய்ஞ்சு போச்சுன்னா வாரக்கணக்குல போகாது."

கை மெதுவாக வெளியே வந்தது. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து இரண்டாவது கணுவரைக்கும் கறுப்பு. அவள் துணியைத் தின்னரில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"போன் வந்துச்சா?"

"இன்னிக்குத் திங்கள்தானே. ஞாயித்துக்கிழமை பேசுறேன்னான்."

"ம்."

"அழிச்சுடுவியா?"

"அழிப்பேன்."

"ஒரு தடவை, ஒரே தடவை அவன் கூப்பிடட்டும்டி. அதுக்கப்புறம் அழிச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை வரைக்கும் விடு."

விரல் சுத்தமாயிற்று. நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் நின்றது. "ஞாயித்துக்கிழமை பொழுது சாயற வரைக்கும்" என்றாள். அவன் கூப்பிட மாட்டான் என்று தெரியும். தெரிந்ததைச் சொல்ல அந்த விரலைப் பிடித்துக்கொண்டு முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் விடியற்காலையிலேயே போனுக்குச் சார்ஜ் ஏற்றினாள். குளிக்கப் போகும்போது போனை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பத்து மணிக்கு அது ஒரு தடவை அடித்தது, ஏதோ கம்பெனி விளம்பரம். மத்தியானம் சாப்பிடவில்லை. "ஆளு வந்திருப்பாங்க, வேலையா இருப்பான்" என்று ஒரு தடவை சொன்னாள், இவள் எதுவும் கேட்காமலே. வெயில் சலவைக்கடைச் சுவரைவிட்டு மேலே ஏறி, பிறகு இல்லாமல் போயிற்று. அவள் எழுந்து, பையில் சாம்பல் பெயிண்ட்டையும் ஊசி குத்திச் சரிசெய்த கறுப்பு டப்பாவையும் எடுத்து வைத்தாள். மாமியார் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கீழே பேச்சுக்குரல் கேட்டது. பார்சல்காரர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார். சுவரைத் தடவிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கோடு அதே பழைய கோடு. ஆனா கையெழுத்தைப் பாருங்க, புது மாதிரி. வேணும்னே வழிய விட்டிருக்காப்ல. நடுங்கற மாதிரி. என்னமா யோசிச்சிருக்கான்யா மனுஷன்!"

"அது நான் போட்டது!" மாமியார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "டேய் தம்பி, அந்தக் கையெழுத்து நான் போட்டதுடா!"

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்சல்காரர் சிரித்துவிட்டார். "சரிம்மா சரிம்மா, அடுத்த தடவை எங்களுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க!" மற்ற இருவரும் சிரித்தார்கள். கையெழுத்தை மட்டும் கிட்டப் போய் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

மாமியார் தன் விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் கறுப்பு இன்னும் இருந்தது. "நம்ப மாட்டேங்கறான்."

"நம்ப மாட்டாங்க அத்தை."

"நீ போய் உன் பேரைப் போட்டாலும் இதேதானா?"

"இதேதான்."

"அப்புறம் எதுக்குப் போறே?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். மாமியார் போனை மடியிலிருந்து எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, நாற்காலியைச் சுவரைப் பார்த்து நேராகத் திருப்பிப் போட்டாள்.

"நானும் வரட்டா?"

"வேணாம், முட்டி வலிக்கும். இங்கேயே இருங்க. கோணலாப் போனா மட்டும் சொல்லுங்க."